மாமா எழுதிய பலத்த சத்தம்

அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, கொழும்புப் பத்திரிகை ஒன்றுக்குக் கண்டியிலிருந்து செய்தி அனுப்பும் பகுதிநேர நிருபர். இரண்டு முச்சக்கர வண்டிகள் உரசிக்கொண்டாலும் அவருடைய செய்தியில் ‘பலத்த சத்தம்’ கேட்கும். அது இல்லாவிட்டால் கொழும்பில் செய்தியைக் கத்தரித்துவிடுவார்களாம். அப்பா இதைச் சொல்லியே அவரைக் கிண்டல் செய்வார். எனக்கோ அச்சில் பெயர் வரும் மாமா மீது அப்படியொரு பிரமிப்பு.

கண்டியை அடுத்த ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில், எட்டுத் தொழிலாளர் குடும்பங்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த எங்கள் லயத்துக்குப் பின்னால் செங்குத்தான மண்மேடு. நான் ஐந்தாம் வகுப்பில் இருந்த வருடம் ஒரு வாரம் மழை விடவேயில்லை. ஒருநாள் காலை, பின்பக்கம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மாவுக்கும் எனக்கும் மேட்டுக்குள்ளிருந்து ‘மொறுக்’ என்று கேட்டது. அப்பளம் உடைகிற அளவுதான். ஏறிப் பார்த்தால் மண்ணில் கை நுழையும் வெடிப்பு. தோட்டத்தை நிர்வகிக்கும் துரையிடம் அப்பா போய்ச் சொன்னார். மழை விட்டதும் பார்க்கலாம் என்றார் துரை. கிராம சேவகரும் அதையேதான் சொன்னார்.

அன்று மத்தியானம் மாமா வந்தார். வெடிப்பைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. வாசலில் நின்றபடியே போனில் செய்தி சொன்னார். மலைக்குள்ளிருந்து பலத்த சத்தம் கேட்டதாம், மக்கள் பீதியில் உறைந்துள்ளனராம். அப்பாவுக்குக் கோபம் வந்தது.

“எங்க மாப்ள பலத்த சத்தம்? பீதியில யாரு இருக்கா? நாங்க சோறு தின்னுக்கிட்டு இருக்கோம்.”

“மெல்லிசா கேட்டுச்சுன்னு எழுதினா யாரு மச்சான் வருவாங்க?”

மறுநாள் பத்திரிகை வந்தது. பத்து மணிக்கு இரண்டு ஜீப்புகளும் வந்தன. குடை பிடித்த அதிகாரிகள் வெடிப்பை அளந்தார்கள். அது முதல்நாளைவிட அகன்றிருந்தது. எட்டுக் குடும்பங்களும் உடனே பாடசாலைக்குப் போக வேண்டும் என்றார்கள். அப்பா முணுமுணுத்துக்கொண்டே கோழிகளைக் கூடையில் அடைத்தார்.

மூன்றாம் நாள் விடிந்து சற்று நேரத்தில் மேடு இறங்கியது. நாங்களும் எங்களைப் பார்க்க வந்திருந்த மாமாவும் பாடசாலை முற்றத்தில் நின்று எதிர்ச்சரிவைப் பார்த்துக்கொண்டிருந்தோம். தேயிலைச் செடிகள் நின்றபடியே நகர்ந்தன. அவ்வளவு மண் வந்து எங்கள் லயத்தை மூடியபோதும் எங்கள் காதில் மழைச் சத்தம் மட்டும்தான். அப்பா மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டார். வெகுநேரம் விடவில்லை.

எனக்கு அந்தக் கையைப் பார்க்கவே பயமாக இருந்தது. அவர் எழுதினார், ஜீப் வந்தது. அவர் எழுதினார், மலையும் வந்துவிட்டது. சாயந்தரம் அவர் என் பக்கத்தில் உட்கார வந்தபோது அம்மாவின் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன்.

“மாமா, இனிமே எங்க வீட்டப் பத்தி எழுதாதீங்க.”

“சரி புள்ள, எழுதல,” என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

மலையை இறக்கியவர் மாமாதான் என்று ரொம்ப நாள் நம்பியிருந்தேன். அந்த மண்ணுக்கடியில் நாங்கள் ஏன் இல்லை என்று யோசிக்க அப்போது எனக்குத் தெரியவில்லை.