வாசலில் கட்டிய வாழை

தொண்டு செய்யப் புறப்படுகிற ஆட்களை எனக்கு மிகவும் பிடிக்கும். நானும் அவர்களில் ஒருத்தி என்பதால் அப்படித்தான் சொல்லியாக வேண்டும். பதுளை நகரில் சின்னதாக ஒரு தையற்கடை வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு பஸ் ஏறினால், ஹாலிஎலவுக்குக் கிட்ட, மனநோயிலிருந்து தேறி வருகிறவர்கள் பயிர் வளர்க்கும் மரக்கறித் தோட்டத்தில் இறங்கலாம். அதை நடத்தும் தொண்டு சபையில் நானும் அங்கத்தவர். சபைக்குத் தலைவர் உண்டு, உப தலைவர்கள் உண்டு, ஆலோசகர்களும் உண்டு. மண்வெட்டிதான் போதாது.

ஆனாலும் அது நல்ல இடம், அதில் பொய்யில்லை. கிளினிக்கில் வாங்கிய மாத்திரையைப் போட்டுக்கொண்டு தேயிலைத் தோட்டத்தில் லயம் என்கிற வரிசை வீட்டு அறையில் சுவரைப் பார்த்துக் கிடந்தவர்கள், இங்கே வந்து பாத்தி கட்டுகிறார்கள், போஞ்சிக் கொடிக்குக் கம்பு நடுகிறார்கள். மண்ணில் கை வைத்தால் மனம் ஆறும் என்று எங்கள் துண்டுப்பிரசுரம் சொல்கிறது. அதை எழுதியவர் மண்ணில் கை வைத்ததை நான் பார்த்ததில்லை. சொன்னது மட்டும் சரி.

ஸ்பிரிங்வெளிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வருவாள். கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவள். ஒரு நாள் காலையில் வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்குப் போகவில்லை, அதன்பிறகு போகவே இல்லை. மெல்ல மெல்லப் பேச்சும் நின்றுபோனது. டொக்டர் மனச்சோர்வு என்றார். லயத்து ஆட்கள் பேய் என்றார்கள். இரண்டுக்கும் வைத்தியம் நடந்தது. பேய்க்குத்தான் செலவு அதிகம்.

அவளுடைய கணவர் கூட்டிக்கொண்டு வந்து விடுவார். அவள் ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து, மரக்கறி விற்பதற்குத் துணிப்பை தைத்துக்கொண்டிருப்பேன். வேலியோரம் வாழைக்கன்று நட்ட அன்றுதான் அவள் தானாக எழுந்து வந்தாள். அதன்பிறகு அந்த வாழைகளை வேறு யாரும் தொடவில்லை. தண்ணீர் ஊற்றுவதும் காற்றுக்கு முட்டுக் கொடுப்பதும் அவள்தான். குலை தள்ளிய அன்று என் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாள்.

"அக்கா, முத்துனதும் லயத்துல எல்லாருக்கும் பங்கு வைக்கப் போறேன். பேய் புடிச்சவன்னு என் கையால யாரும் ஒண்ணும் வாங்கித் திங்கிறதில்ல. இத வாங்கிக்குவாங்கதானே?"

அவள் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. கட்டாயம் வாங்கிக்கொள்வார்கள் என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

இந்த நேரம் பார்த்துத்தான் சபைக்கு விழா நடத்தும் ஆசை பிடித்தது. வேலிக்கும் தண்ணீர்த் தாங்கிக்கும் நிதி திரட்ட வேண்டுமாம். பதாகையின் நிறத்துக்காக ஒரு கூட்டம் போட்டோம். பிரதம விருந்தினர் யார் என்பதற்கு இன்னொரு கூட்டம், அதில் கைகலப்பு மட்டும்தான் நடக்கவில்லை. நிதியை எப்படித் திரட்டுவது என்ற விஷயம் நேரமின்மையால் ஒத்திவைக்கப்பட்டது.

நம்முடைய ஆட்களுக்கு வாசலில் குலையோடு வாழைமரம் கட்டாவிட்டால் எதுவும் தொடங்காது. கலியாணம், கோயில் திருவிழா, சலூன் திறப்பு என்று எதுவானாலும் சரி. விழாவுக்கு முதல் நாள் புது டீ-சேர்ட் போட்ட தொண்டர்கள் அலங்காரத்துக்கு வந்திருக்கிறார்கள். வாழைக்குச் சந்தைவரை எதற்கு அலைய வேண்டும், வேலியோரமே குலையோடு நிற்கிறதே என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். மறுநாள் காலை நான் பஸ்ஸிலிருந்து இறங்கியபோது, 'வளர்ப்போம், வாழ்வோம்' என்ற பதாகைக்கு இரண்டு பக்கமும் அவை கட்டப்பட்டிருந்தன. வளர்ப்பதற்குக் காசு கேட்கும் விழாவுக்கு, வளர்ந்து நின்றதை வெட்டி அலங்காரம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தலைவரிடம் போய், "அது அந்தப் புள்ள பாத்துப் பாத்து வளத்ததுங்க. வெட்டிட்டீங்களே" என்றேன்.

தலைவர் பட்டு வேட்டியில் மலர்ந்த முகத்தோடு நின்றார். "பக்கத்துலயே கன்னு இருக்குதானே, திரும்ப வந்துரும். அவங்க மரம் வாசல்ல நிக்கிறது அவங்களுக்கும் பெருமதானே?"

அவள் நல்ல சேலை கட்டிக்கொண்டு கணவரோடு வந்தாள். தேறி வந்தவள் என்று அன்று மேடையில் அவளுக்குப் பொன்னாடை. வாசலில் நின்று இரண்டு மரங்களையும் பார்த்தாள். ஒரு காயைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் உட்கார்ந்தாள்.

பிரதம விருந்தினர் வந்து விளக்கேற்றினார். மனநலம் பற்றி அழகாகப் பேசினார். மனதில் இருப்பதை அடக்கி வைக்காதீர்கள், துணிந்து வெளியே பேசுங்கள் என்று அடித்துச் சொன்னார். நாங்கள் கை தட்டினோம். அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் மேடையேறி மைக்குக்கு முன்னால் நின்று, அவர் சொன்னதை அப்படியே செய்தாள்.

"யாரக் கேட்டு என் வாழைய வெட்டுனீங்க? முத்தக்கூட இல்லியே! என்னய ஒரு வார்த்த கேட்டீங்களா? நான்தான் பைத்தியமாச்சே, என்னய எதுக்குக் கேக்கணும்!"

பிரதம விருந்தினர் விளக்குக்குப் பின்னால் ஒதுங்கினார். தலைவர் பொன்னாடையோடு பின்வாங்கினார். "நோவு திரும்பிருச்சு, மைக்க நிப்பாட்டுங்க!" என்று கத்தினார். காலையில் மாத்திரை போட்டாளா என்று ஓர் ஆலோசகர் கேட்டார். இன்னொருவர் அம்புலன்ஸுக்கு போன் எடுத்தார். அவளுக்கு ஒருவர் துண்டுப்பிரசுரத்தால் விசிறினார்.

நான் மேடைக்கு ஓடினேன். "நோவும் இல்ல, ஒண்ணும் இல்ல! என் கடைக்குள்ள பூந்து துணிய வெட்டியிருந்தா நான் அடிச்சே இருப்பேன். என்னயும் வண்டியில ஏத்துவீங்களா?"

யார் காதிலும் விழவில்லை. எனக்கு உண்மையாகவே பயம் வந்தது. இவள் அந்த வண்டியில் ஏறிப் போனால், லயத்தில் இனி இவள் கையால் யாரும் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கமாட்டார்கள். மைக்கை நிறுத்திய பிறகும் அவள் கத்திக்கொண்டே இருந்தாள்.

கடைசி வரிசையிலிருந்து அவளுடைய கணவர் மேடைக்கு ஓடிவந்தார். "புடிச்சு ஒக்கார வைங்க!" என்றார் தலைவர். கணவர் அவளைப் பிடிக்கவில்லை. பக்கத்தில் நின்று அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, துடைக்கவும் இல்லை.

"நோவு வர்றதுக்கு முந்தி இவ இப்பிடித்தாங்க சேர். தண்ணி புடிக்கிற பீலியில இவகிட்ட வாய் குடுத்து ஒருத்தரும் ஜெயிச்சதில்ல" என்றார். பிறகு மைக்கைக் காட்டினார். "அத மறுபடி போடச் சொல்லுங்க. அவ இன்னும் பேசி முடிக்கல."