ஜஸ்டின் அண்ணாந்து பார்த்தபோது

ஸ்கேனில் தெரியாத வலி பொய் வலி என்று உங்களுக்கு யார் சொன்னது?

தீவின் கப்பல்துறையான ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் கிரேனுக்குக் கைகாட்டும் வேலை ஜஸ்டினுக்கு. கப்பலை ஒட்டி நின்று, சரக்கு இறங்கி முடியும்வரை அண்ணாந்தபடி இருப்பார். போன மழைக்காலத்தில் அறுந்த கயிறு ஒன்று ஹெல்மெட்டோடு சேர்த்து அவரை அடித்துச் சாய்த்தது. சில நிமிடம் நினைவில்லை. ஸ்கேனில் மூளைக்கு ஒன்றுமில்லை. இரண்டு வாரத்தில் சரியாகும் என்றார்கள். ஏழு மாதம் ஆயிற்று. பின்மண்டையில் தொடங்கும் வலி நெற்றிவரை ஏறிக்கொண்டுதான் இருந்தது.

சூப்பர்வைசர் அன்பழகன் எல்லோர் முன்னாலும் கேட்பார்: "க்யா ஹீரோ, இன்னைக்கும் தலைவலி ஷூட்டிங்கா?" இன்னும் மூன்று மாதத்துக்குள் ஃபிட்னஸ் சான்றிதழ் காட்டினால்தான் வேலை நீடிக்கும். அறுந்தது நிர்வாகத்தின் கயிறு. பொய்யன் பட்டம் மட்டும் அடிபட்டவனுக்கு.

தீவில் எந்த நோய்க்கும் கடல் தாண்டி 'மெயின்லேண்ட் போ' என்பார்கள். ஸ்கேன் சரியாக இருப்பவனை யார் அனுப்புவார்கள்? அபர்டீன் பஜார் பக்கம் ஒரு சலூனில் கழுத்தை நெட்டி முறித்தால் வலி போய்விடும் என்று யாரோ சொல்ல, ஜஸ்டின் போய் உட்கார்ந்தார். ஒரே திருகல். இரண்டு நாள் தலை சுற்றியது. மனைவி லூசி அவரை டாக்டரிடம் இழுத்துப்போனார். டாக்டர் முழுக்கச் சோதித்து, ஆபத்தில்லை என்று உறுதிசெய்துகொண்டு, பிசியோதெரபிஸ்ட் சந்திரமதியிடம் அனுப்பினார்.

சந்திரமதி ஸ்கேனைப் பார்த்து ஓரமாக வைத்தார். "அண்ணே, ஜெட்டியில எப்படி நிப்பீங்க? நின்னு காட்டுங்க."

ஜஸ்டின் அண்ணாந்து கையைத் தூக்கினார். ஒரு நிமிடத்தில் வலி ஏறியது. சந்திரமதி மேல்கழுத்தில் ஓரிடத்தை மெல்ல அழுத்த, மறுபடி அதே வலி.

"அந்த அடி கழுத்தையும் உலுக்கியிருக்கு. அது ஆறுறதுக்குள்ள தினமும் அண்ணாந்து நின்னிருக்கீங்க."

வலி அப்படியேதான் இருந்தது. ஆனால் புருஷன் நடிக்கவில்லை என்று ஒருவர் சொல்லிவிட்டாரே. கூட வந்திருந்த லூசி அங்கேயே அழுதுவிட்டார்.

சந்திரமதி எதையும் சத்தியம் செய்யவில்லை. அடிபட்ட எல்லோருக்கும் கழுத்துதான் காரணம் என்றில்லை, ஆறு வாரத்தில் மாற்றமில்லையென்றால் வேறு காரணம் தேடலாம் என்றார். இந்த நேர்மைக்கே அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். வாரம் இருமுறை கழுத்து மூட்டுகளைக் கையால் மெதுவாக அசைத்துவிட்டார். வீட்டில் செய்யக் கழுத்துத் தசைப் பயிற்சிகள் கொடுத்தார். கப்பலிலிருந்து இருபதடி தள்ளி நின்றால் அண்ணாந்து பார்க்கவே வேண்டாமே என்றும் சொன்னார். பல வருடமாக அங்கே யாருக்கும் தோன்றாத யோசனை.

பத்தாவது வாரம் வலி மாதத்துக்கு ஒன்றிரண்டு நாளாகச் சுருங்கியது. சான்றிதழ் கிடைத்தது. ஏன் இவ்வளவு தள்ளி நிற்கிறாய் என்று அன்பழகன் கேட்டபோது ஜஸ்டின் சொன்ன பதிலை ஜெட்டியே இன்னும் சொல்லிச் சிரிக்கிறது: "ஷூட்டிங் முடிஞ்சுது சார். இப்ப டைரக்டர் இடத்துல நிக்கிறேன்."

உங்கள் பக்கத்திலும் தலையில் அடிபட்டு, வாரக்கணக்கில் தலைவலி என்று சொல்லிக்கொண்டு ஒருவர் இருக்கலாம். முதலில் அவரை நம்புங்கள். சலூன் நாற்காலியில் உட்கார விடாதீர்கள். டாக்டரிடம் கூட்டிப்போங்கள், கழுத்தையும் ஒருமுறை பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.