நைனாவின் வலது தோள்

செல்வினுக்கு... நம் பள்ளித் தோழர்கள் குழுவில் எல்லோரும் படிக்கும்படி இங்கேயே எழுதுகிறேன். முதலில் என் குறைகள்.

1. மே 4. ஆண்டர்சன்பேட்டையில் ஒரு கூடத்தில், உன் நிறுவனம் தயாரித்த சுரங்கத் தொழிலாளர் பற்றிய அனிமேஷன் குறும்படம் திரையிடப்பட்டது. அதில் வரும் தொழிலாளி என் அப்பா, என் நைனா. முகம் அவருடையது. நடை அவருடையது இல்லை. தாழ்ந்திருந்த வலது தோளை நிமிர்த்திவிட்டீர்கள்.

2. மே 6. தொலைபேசியில் கேட்டேன். "அதுவா மச்சான்... பசங்க மிரர் பட்டனைத் தட்டிட்டானுங்க. இதுக்கா இவ்ளோ டென்சன்?" என்று சிரித்தாய்.

3. மே 11. உன் அலுவலகத்திலிருந்து ஒரு வரி மின்னஞ்சல் வந்தது: "வலது தோளில் இருந்த பிழை சரிசெய்யப்பட்டுள்ளது."

4. மே 12 முதல் இன்றுவரை. நாம் இருவரும் செய்த மூலக் கோப்பைக் கேட்டு மூன்று முறை எழுதினேன். பதில் இல்லை.

இவ்வளவு எழுதுவதற்குள் நான்கு முறை எழுந்து வாசல்வரை போய்த் திரும்பிவிட்டேன். உட்கார முடியவில்லை.

தட்... தடக். தட்... தடக்.

சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தின் லைன் வீடுகளில் ஷிப்ட் முடிந்து ஐம்பது பேர் வந்தாலும், நைனாவின் பூட்ஸ் சத்தம் தனியாகக் கேட்கும். துளையிடும் இயந்திரத்தை வருடக்கணக்கில் சுமந்து, அவருடைய வலது தோள் இரண்டு விரற்கடை இறங்கியிருந்தது. அதற்கு ஈடாக வலது காலை அழுத்தி வைப்பார். எங்கள் வாசல் உயரமானதுதான். ஆனாலும் குனிந்தே நுழைவார்... தலைக்கு மேல் பாறை இருப்பதுபோல.

அப்போது நீயும் நானும் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்குப் போய்வந்த காலம். இருவருக்கும் ஒரே அனிமேஷன் கம்பெனியில் முதல் வேலை.

இந்தத் தொழில் தெரியாத நண்பர்களுக்காகச் சொல்கிறேன். கணினி உருவத்துக்குள் எலும்புகளை வைப்போம். மேலே தோலைப் போர்த்துவோம். தோலின் ஒவ்வொரு புள்ளியும் எந்த எலும்பின் சொல்லை எவ்வளவு கேட்க வேண்டும் என்று, திரையில் தூரிகை பிடித்துத் தீட்ட வேண்டும். பங்கு தவறினால் முழங்கை, முறுக்கிய மிட்டாய்த் தாள்போல ஆகிவிடும். தோள் இன்னும் மோசம். கையைத் தூக்கினால் அக்குள் உள்ளே சரிந்துவிடும்.

அதனால் ரயிலில் மேல்கம்பியைப் பிடித்து நிற்பவர்களையே பார்த்துக்கொண்டு வருவோம். ஒருநாள் ஒருவர் பொறுமையிழந்தார்.

"இன்னாப்பா, என் கக்கத்துல இன்னா சினிமாவா ஓடுது?"

பங்காருப்பேட்டை வரும்வரை நீ சிரிப்பை அடக்கியதை நான் மறக்கவில்லை.

வேலை நேரம் போக நாமாக ஓர் உருவம் செய்வது என்று முடிவெடுத்தோம். நைனாவை லைன் முழுக்க நடக்கவிட்டோம். நீ அவர் தோளில் கை வைத்து, எந்தத் தசை எப்போது அசைகிறது என்று குறித்துக்கொண்டே கூட நடந்தாய்.

"இன்னாடா, பொண்ணு பாக்க வந்தவனுங்க மாதிரி நடந்து காட்டச் சொல்றீங்க?" என்றார் நைனா.

"புடிச்சிருக்கு அங்கிள். எப்ப தட்டு மாத்திக்கலாம்?" என்றாய் நீ.

தொழில் வழக்கம் ஒன்று உண்டு. இடது பாதியை மட்டும் தீட்டுவார்கள். வலது பாதியை, ஒரே பட்டனில், கணினி கண்ணாடிபோல் நகலெடுத்துக்கொள்ளும். நாமும் பழக்க தோஷத்தில் அதைத்தான் செய்தோம். உருவம் அழகாக நடந்தது. ஒரு விடுமுறை நாளில் நைனாவை பெங்களூருக்கு அழைத்துப்போய்க் காட்டினோம். திரையையே உற்றுப் பார்த்தார்.

"இது யாரு? மேனேஜரா?"

மறுநாளே அழித்தோம். மூன்று வாரம், இரண்டு தோளையும் தனித்தனியாகக் கையால் தீட்டினோம். இடது தோள் நான். வலது தோள் நீ.

நைனா மறுபடி வந்தார். திரையில் அந்த ஆள் தோள் சரிந்து நடந்து, குனிந்து ஒரு கதவுக்குள் நுழைந்தான்.

நைனா, "பாவம், ஷிப்ட் முடிஞ்சி வர்றான்... ஒரு டீ சொல்லுங்கடா அவனுக்கு" என்றார்.

கம்பெனி மூடியபோது மூலக் கோப்பு இருந்த வட்டை நீ எடுத்துக்கொண்டாய். நான் கல்லூரியில் கணக்கு சொல்லிக்கொடுக்கப் போனேன். நைனா போய்ச் சேர்ந்தார். அவர் நடப்பதைப் படம்பிடித்த வீடியோ எங்களிடம் ஒன்றுகூட இல்லை. என் கல்யாண கேசட்டில் அவர் கடைசிவரை உட்கார்ந்தே இருக்கிறார்.

மே 4 அன்று என் பக்கத்தில் இருந்தவர், நைனாவோடு சுரங்கத்தில் ஒரே ஆழத்தில், ஒரே லெவலில் வேலை பார்த்த பென்ஷன்காரர். "மூஞ்சி நம்ம முனிசாமியாட்டம் கீது... ஆனா அவன் இப்டி நடக்கமாட்டானே" என்றார். எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

அன்று மூன்று வாரம் எடுத்த வேலையை இன்று உன் அலுவலகப் பிள்ளைகள் ஒரு காலைப்பொழுதில் முடிக்கிறார்கள். நல்லதுதான். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை; அவர்கள் அந்தத் தோளைத் தொட்டதில்லை.

நீ தொட்டிருக்கிறாய்.

ஆகவே கேட்கிறேன். அந்த மூலக் கோப்பு உன்னிடம் இருக்கிறதா, இல்லையா? இருந்தால் ஒரு பிரதி வேண்டும். இன்றைய மென்பொருளில் திறக்காமல் போனால் அது என் பாடு. இல்லையென்றால், இல்லை என்று உன் கைப்பட எழுது.

மே 31, மாலை ஐந்து மணிக்குள், எழுத்தில் பதில் வர வேண்டும். தொலைபேசியில் அழைக்காதே. நீ சிரிப்பாய். பழக்கத்தில் நானும் சிரித்துவிடுவேன்.