மூன்று இறக்கங்கள்

நிறையப் படித்தவன் என்று மாத்தளையில் எனக்கொரு பெயருண்டு. அந்தப் படிப்போடுதான், லண்டனுக்கு நேர் விமானம் இருக்க, மூன்று விமானம் ஏறி இறங்கும் வழியைத் தேர்ந்தேன். கொழும்புக்குப் போகும் வேனை வரக்காப்பொலையில் நிறுத்தித் தேநீர் குடிப்பதில்லையா? பிள்ளையும் இறங்கிக் காலாறட்டுமே என்று நினைத்தேன்.

முதல் விமானம் தாழத் தொடங்கியதும் இரண்டு வயது மகள் என் மடியில் வாந்தியெடுத்தாள். இரண்டாவது இறக்கத்தில் என் சட்டை முழுக்க. மாற்றுடைகளோ பெட்டிக்குள் லண்டனுக்குப் போய்க்கொண்டிருந்தன. புளித்த பால் நாற்றத்தில் என்னை நானே வெறுத்தேன்.

அந்த விமான நிலையத்தில் பிள்ளை துவண்டுபோனாள். அழுதாள், கண்ணீர் வரவில்லை. பயந்துபோய் அங்கிருந்த மருத்துவரிடம் ஓடினோம். உப்புச்சர்க்கரை நீரைக் கரண்டி கரண்டியாகப் புகட்டியவர், அடுத்த விமானத்தை விட்டுவிடச் சொன்னார். விட்டோம். மாலையில் அவள் சிறுநீர் கழித்தபோது, நானும் மனைவியும் பரிசுச்சீட்டு விழுந்தவர்கள்போல் சிரித்தோம்.

இப்போதெல்லாம் விமானத்தின் பெயரைப் பார்க்குமுன், எத்தனை தடவை தரையிறங்கும் என்று எண்ணுகிறேன். மாற்றுடையும் உப்புச்சர்க்கரைப் பொட்டலமும் கைப்பையில்தான்.

இதை லண்டனில் மைத்துனரிடம் பெரிய ஆராய்ச்சி முடிவுபோல விளக்கிக்கொண்டிருந்தேன். மனைவி குறுக்கிட்டாள்:

"எல்கடுவ மலையில இருந்து பஸ்ஸு கீழ எறங்குறப்பவே வாந்தியெடுக்கிற புள்ள அது. அதையும் புத்தகத்துலதான் படிக்கணுமா?"