விலைபோகாத கால்சட்டைகள்

உகாண்டாவின் குலு நகரத் தையல் பள்ளியில் லாம்வாக்கா வெட்டுகிற கால்சட்டை எதுவும் விலைபோகவில்லை. யார் போட்டுப் பார்த்தாலும் இடுப்பைப் பிடித்தது, கால் தரையில் புரண்டது.

"ஒட்டகச்சிவிங்கிக்கா தைக்கிறே?" என்று பக்கத்து மெஷின் அச்சிரோ கேலி செய்தாள். "டீச்சர் குடுத்த அளவைப் பாத்து வெட்டேன்டி."

பார்த்துத்தான் வெட்டினாள். சாக்பீஸைப் பிடித்ததும் கை தன் போக்கில் போனது. சண்டைக் காலத்தில் அவளைக் காட்டுக்குத் தூக்கிப்போய்ப் பெண்டாட்டியாக வைத்திருந்த கலகப்படைக் கமாண்டருக்கு வருஷக்கணக்காகத் தைத்த கை. அந்தப் பாழாய்ப்போன கைக்கு வேறு ஆளின் அளவு தெரியவில்லை. இதை எவளிடம் சொல்வது?

சந்தை நாளன்று ஒரு நெட்டை ஆள் பள்ளியோடு சேர்ந்த கடைக்குள் வந்து கால்சட்டை விலை கேட்டான். குரலிலேயே லாம்வாக்காவுக்கு ஆள் தெரிந்துவிட்டது. அரசாங்கம் மன்னித்து ஊருக்குள் விட்டவர்களில் அவனும் ஒருவன் போலிருக்கிறது. விழாத ஊசியைத் தேடுவதுபோல் மெஷினுக்கடியில் குனிந்துகொண்டாள்.

அவள் தைத்ததில் ஒன்றை அவன் மாட்டிக்கொண்டு வந்தான். கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. மடிப்பைத் தடவிக்கொண்டே, "இதைத் தைச்சது யாரு?" என்றான்.

அச்சிரோவுக்குப் பெருமை தாங்கவில்லை. "ஏ லாம்வாக்கா, எழுந்து வாடி. உன்னைத்தான் கேக்கறாரு."