சுடலைமுத்துவுக்கு வாசித்தவர்கள்

காலையில் தொலைபேசி அடித்தது. சுடலைமுத்துவின் மனைவி. "அண்ணே, அவுக போயிட்டாக" என்றார். வங்கிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு அவர் ஊருக்குப் போகிற சீவலப்பேரி டவுன் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

உங்களில் பலருக்கு அவர் வரலாற்றுப் பேராசிரியர். பார்வை இல்லாவிட்டாலும், தாமதமாக வருகிற மாணவனைச் செருப்புச் சத்தத்தை வைத்தே பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர். எனக்கு அவன் சுடலை. தொண்ணூறுகளில் இருவரும் பி.ஏ. முடித்திருந்தோம். நான் வங்கித் தேர்வுக்குப் படித்தேன். அவன் ஐதராபாத்தில் எம்.ஏ. சேர நுழைவுத் தேர்வுக்குத் தயாரானான். இரண்டுக்கும் ஆங்கிலச் சொற்களும் பொது அறிவும் வேண்டும். நான் சத்தமாக வாசிப்பேன், அவன் கேட்பான்.

அவனுடைய அப்பா நல்ல மனிதர். பாளையங்கோட்டையில் பிரம்பு நாற்காலி பின்னுகிற இடத்தில் மகனுக்கு ஒரு வேலை பேசி வைத்திருந்தார். வெயிலில் அலையாமல் பிள்ளை பிழைத்துக்கொள்ளட்டும் என்ற கவலை அவருக்கு. "தேறலைன்னா மறுபேச்சு இல்லாம அங்கன போயிரணும்" என்று சொல்லிவிட்டார். "நாற்காலி பின்னுதது ஒண்ணும் கேவலம் இல்லலே. எனக்குப் படிக்கணும், அம்புட்டுதான்" என்பான் சுடலை.

நூலகத்தில் சத்தம் போட முடியாது. அதனால் கொக்கிரகுளம் படித்துறைக்குப் போனோம். கையில் பழைய பொது அறிவுப் புத்தகம் ஒன்று. உடைந்துபோன சோவியத் யூனியன் அதில் இன்னும் கம்பீரமாக இருந்தது. தினமும் ரேடியோ கேட்கிற சுடலை சிரித்துவிட்டான். "செத்துப்போன நாட்டையெல்லாம் உசுரோட வச்சிருக்கே உன் புஸ்தகம்!" துவைக்க வந்த பெண்களுக்கும் எங்கள் பாடம் பழகிப்போனது. ஒருநாள் நான் எகிப்தின் தலைநகரைக் கேட்டுவிட்டு நிறுத்தினேன். அவன் வாயைத் திறப்பதற்குள் துணியை அலசிக்கொண்டே ஒரு அக்கா "கெய்ரோ" என்றார். அன்று அவன் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

சொற்களுக்கு அவன் தனி வழி வைத்திருந்தான். "அர்த்தத்தைச் சொல்லாதலே, அது யாருன்னு சொல்லு" என்பான். நம் ஊரில் பட்டப்பெயர் இல்லாத ஆள் ஏது? ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லையும் குரல் தெரிந்த ஒருவருக்குப் பட்டப்பெயராகச் சூட்டுவான். மனமில்லாமல் செய்வதைக் குறிக்கும் 'ரிலக்டன்ட்' என்ற சொல், ஏகப்பட்ட அங்கலாய்ப்புக்குப் பிறகே வண்டியை எடுக்கும் டவுன் பஸ் டிரைவருக்குப் போனது. பிடிவாதத்துக்கான 'ஆப்ஸ்டினேட்' எனக்கு.

தேர்வு மதுரையில் நடந்தது. கேள்வியை வாசித்து, அவன் சொல்லும் விடையைக் குறிக்க ஓர் ஆளை அவர்களே தருவார்கள். அந்த ஆள் அவனைவிடக் குறைவாகப் படித்தவராக இருக்க வேண்டும் என்பது விதி. வந்தது ஒரு பள்ளி மாணவி. அவளுக்குப் பாதிச் சொற்கள் வாயில் நுழையவில்லை. எழுத்துக் கூட்டி, திணறி, கடைசியில் பயந்து அழுதே விட்டாளாம். இவன் அவளைத் தேற்றிக்கொண்டிருந்ததில் நேரம் போய்விட்டது. பாதிக் கேள்விகளுக்குமேல் தொடவே இல்லை. தெரிந்த விடையெல்லாம் நெஞ்சுக்குள்ளேயே கிடக்க வெளியே வந்தான். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அவன் மட்டும், "பாவம்லே அந்தப் பிள்ளை, அவளுக்கும் அது பரீட்சைதான்" என்றான்.

அப்பாவிடம் கெஞ்சி இன்னும் ஒரே ஒரு வருடம் கேட்டு வாங்கினான். மறுநாள் நான் புத்தகத்தோடு படித்துறைக்குப் போனபோது, "கணேசா, நீ இனிமே வாசிக்க வேண்டாம்லே" என்றான். நான் விக்கித்துப் போனேன். "நீ வாசிச்சா எனக்குத் தானா விளங்கிருது. பரீட்சைக்கு நீயா வரப்போற? தடுக்கித் தடுக்கி வாசிக்கவங்கதான் எனக்கு வேணும்." அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் மனது நியாயத்தைக் கேட்குமா? ஒரு வருடமாகத் தொண்டை கட்ட வாசித்தவனைச் சட்டென்று கழற்றிவிட்டானே என்று எனக்கு வலித்தது. அதை அவனிடம் சொன்னதும் இல்லை.

அதன்பிறகு கெய்ரோ அக்கா வாசித்தார். எட்டாம் வகுப்போடு நின்றவர் அவர். சைக்கிள் கடைக்காரர் வாசித்தார், பூக்கட்டுகிறவர் வாசித்தார். அவர்கள் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லச் சொல்ல, பாதியிலேயே சொல்லைப் பிடிக்கப் பழகினான். பிடித்த பிறகும் குறுக்கே விழுந்து சொல்லிவிட மாட்டான். அவர்கள் முடிக்கும்வரை பொறுத்திருப்பான். நான் ஒருமுறை எடுத்துக் கொடுக்கப் போக, என் தொடையில் தட்டினான். "பைய வரட்டும்லே. நாம முந்திச் சொல்லிட்டா அவங்க வாய் அடைச்சிரும்." நாற்காலி பின்னும் வேலை கழுத்துக்கு நேரே நிற்க, அவனுக்குள் இருந்த அவசரம் எனக்குத் தெரியும். அவர்கள் யாரிடமும் அதைக் காட்டவில்லை. அந்த வருடம் அவனுக்கு இடம் கிடைத்தது. சேதி கேட்டுப் படித்துறையில் குலவை போட்டார்கள். கூட்டத்தில் நானும் நின்றேன். சந்தோஷத்தோடு அந்தச் சின்ன வலியும் இருந்தது.

போன மாதம் மருத்துவமனையில் அவனைப் பார்த்தேன். இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கியது. என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டு, "ஏலே... அன்னைக்கு உன்னைய... வாசிக்க வேண்டாம்னு..." என்று ஆரம்பித்தான். இத்தனை வருடங்களாக நான் வாய்விட்டுச் சொல்லாதது அவனுக்குத் தெரிந்துதான் இருந்திருக்கிறது. மிச்சத்தை நானே சொல்லி, "அதெல்லாம் ஒண்ணும் இல்லலே" என்று முடித்துவிட நாக்கு துடித்தது. ஆனால் அவன் பழக்கிய பழக்கம், அவனே முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். நர்ஸ் வந்து ஆக்சிஜன் முகமூடியை மாட்டினார். அவன் கண்ணயர்ந்தான். அதன்பிறகு அவனோடு பேசக் கொடுத்துவைக்கவில்லை.

அவனிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது பாதியில் நிற்கும் அந்த வாக்கியம். மீதி என்னவென்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் முந்திச் சொல்ல மாட்டேன். சுடலை, பைய வரட்டும்லே. நான் இருக்கேன்.