பதினோரு கால்கள்

கபித்தோலினாவின் நாக்குக்கு எங்கள் பட்டறையே பயப்படும். நெருங்கியவர்களுக்கு அவள் 'கபா'. ஆனால் அவள் தூரிகையைத் தொட்டுவிட்டால் நாங்கள் வாயடைத்துப் போவோம். கறுப்பு அரக்குப் பெட்டியின் மூடியில், நக அளவு இடத்தில், ஓநாய் மேலேறி ஓடும் இளவரசனைக் கண்ணிமை தெரிய வரைந்துவிடுவாள். எதிர்மேசை ஃபைனாவுடையது. இருபத்திரண்டு வருஷமாக இருவரும் ஒரே சன்னல் வெளிச்சத்தைப் பங்குபோட்டுக்கொண்டார்கள். நான் அவர்களுக்குப் பின்மேசை.

ஃபைனாவின் கண் மங்கிக்கொண்டே வந்தது. சொன்னால் வேலை போய்விடும் என்று மறைத்தாள். "கை நடுங்குதுடி கபா, இந்தக் கடிவாளத்துக்குப் பொன்கோடு மட்டும் போட்டுக் குடேன்" என்பாள். கபா ஒன்றும் கேட்காமல் போட்டுக் கொடுப்பாள். கோளாறு கையில் இல்லை, கண்ணில் என்று அவளுக்குத் தெரியும்.

பிறகு, வரைந்து முடித்த பெட்டிகளைச் சோதிக்கும் தரக் குழுவில் கபாவைச் சேர்த்தார்கள். "இனிமே என்கிட்ட கொண்டுவராதே. நானே வரைஞ்சு நானே பாஸ் பண்ணினா நல்லாவா இருக்கும்?" என்றாள். நியாயமான பேச்சுதான். ஃபைனா தலையாட்டினாள்.

மாதக் கடைசியில் குழு கூடியது. நாங்கள் சுவரோரம் நின்றோம். ஃபைனாவின் பெட்டி வந்தது. நாட்டுக்கதையில் வரும் உறைபனிக் கிழவன் தந்த சீரோடு வீடு திரும்பும் பெண். மூன்று குதிரை பூட்டிய பனிவண்டி. கபா பூதக்கண்ணாடி வைத்து எண்ணினாள்.

"மூணு குதிரைக்குப் பதினோரு கால்! ஏன் ஃபைனா, மிச்சக் காலை சூப்பு வச்சுக் குடிச்சுட்டியா?"

கூடமே சிரித்தது. கபாவும் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஃபைனா பெட்டியை வாங்கி, மூக்கில் இடிக்கும் அளவுக்குக் கிட்டே கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்போதுதான் எங்களுக்கு விஷயம் புரிந்தது. சிரிப்பு அடங்கிப்போனது.

மறுநாள் அவள் வரவில்லை. பள்ளிக்கூடச் சமையலறையில் உருளைக்கிழங்கு உரிக்கப் போய்விட்டாள்.

கபா குழுவிலிருந்து விலகினாள். ஆனால் ஃபைனா வீட்டுப் படியேற அவளுக்கு நாலு வருஷம் பிடித்தது. தனியாகப் போகத் தைரியமில்லாமல் என்னையும் அழைத்துக்கொண்டாள். ஃபைனாவுக்குப் பார்வை அநேகமாகப் போயிருந்தது.

"வாங்க, கபித்தோலினா ஸ்தெபானவ்னா" என்றாள். யாரோ கடைக்காரியைக் கூப்பிடுவதுபோல, தகப்பன் பெயரும் சேர்த்து முழுப் பெயர் சொல்லி.

கபா நின்றபடியே பேசினாள். "ஒரு நிமிஷ வேலைடி ஃபைனா. அந்தக் காலை நானே போட்டிருக்கலாம். உன்னைத் தனியாக் கூப்பிட்டாவது சொல்லியிருக்கலாம்."

ஃபைனா கோப்பைக்குள் விரலை விட்டு, அளவு பார்த்துத் தேநீர் ஊற்றினாள்.

"கால் குறைஞ்சது நிஜம்தானே. நீங்க சொன்னதுல தப்பில்ல. ஆனா அன்னைக்கு அத்தனை பேர் சிரிச்சதுல, உங்க சிரிப்பு மட்டும் எனக்குத் தனியாக் கேட்டுச்சு."

அதன்பிறகு கபா ஞாயிறு தவறாமல் போனாள். விறகு பிளந்து போட்டாள். ஃபைனாவின் மகன் எழுதும் கடிதங்களைப் படித்துக் காட்டினாள். ஃபைனாவும் ஒருநாள்கூட அவளை வேண்டாம் என்று சொன்னதில்லை. ஒன்பது வருஷம், ஃபைனாவைப் புதைக்கும் வரை. அத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட அவள் 'கபா' என்று கூப்பிட்டு நான் கேட்கவில்லை.